வில் வண்டி முதல் பந்தயக் கார் வரை

மதுரையிலிருந்து தேனிக்குச் செல்லும் சாலையும் நகரின் புறவழிச் சாலையும் சந்திக்கும் இடத்திற்குக் காளவாசல் என்று பெயர். காளவாசல் என்றால் சூளை என்று பொருள். அந்தச் சூளையின் அடையாளம் இன்று அங்கே இல்லை; 2020-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மேம்பாலத்தின் மீது வண்டிகள் விரைந்து கொண்டிருக்கின்றன. ஆயினும் 1980-களில் நான் கல்லூரி மாணவனாக அந்த வழியே சைக்கிளில் சென்று வந்த நாட்களில் வேறொரு நெருப்பை அங்கே நாள்தோறும் கண்டிருக்கிறேன். லாரிகளுக்கும் கார்களுக்கும் வில்பட்டை கட்டித் தரும் ஒரு பட்டறையின் உலை நெருப்பு அது.

வில்பட்டை என்று நான் சொல்வது, வண்டியின் அச்சுக்கும் உடலுக்கும் இடையே அடுக்கடுக்காக வைத்துக் கட்டியிருக்கும் வளைந்த எஃகுத் தகடுகளை. நீளமான தகடு மேலே இருக்கும். அதற்குக் கீழே ஒன்றைவிட ஒன்று குட்டையாகத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சுமை ஏற்றி ஏற்றி வளைவு இழந்து படுத்துவிட்ட பட்டைகளை அந்தப் பட்டறைப் பெரியவர் உலையிலிட்டுச் செந்நிறமாகப் பழுக்கவைத்துத் தட்டி வளைப்பார். பின்னர் எண்ணெயில் தோய்ப்பார். எழும் புகையின் நடுவே அவர் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை நான் நின்று வேடிக்கை பார்ப்பதுண்டு.

ஒரு நாள் என் மூத்த நண்பர் ஒருவர் தம் பழைய அம்பாசடர் காரை அந்தப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். எஞ்சினைத் திருத்தி வேகம் கூட்டியிருந்தார். நேர்ச் சாலையில் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு யார் முந்துகிறார்கள் என்று பார்க்கும் போட்டிக்கு அவர் ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். பௌதிகம் படிக்கும் மாணவன் என்ற முறையில் என்னிடம் யோசனை கேட்டார். "பின்பக்கம் இரண்டு பட்டைகள் கூடுதலாக வைத்துக் கட்டுங்கள், பட்டை கூடினால் வலுவும் கூடும்" என்று நான் சொன்னேன். பெரியவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, பட்டை சுமையைத் தாங்கும். முறுக்கை யாரு தாங்குறது?" என்றார். அவர் கேட்டது எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பட்டைகள் கூட்டிக் கட்டப்பட்டன.

அதன் விளைவைப் பின்னர் சொல்கிறேன். பெரியவர் கேட்ட அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம். அந்த விடை இருநூறு ஆண்டு வரலாற்றில் அடங்கியிருக்கிறது.

நம் நாட்டுக் கட்டை வண்டிக்கு வில் கிடையாது. அச்சின் மீது பாரச்சட்டம் நேராக அமர்ந்திருக்கும். சாலையின் ஒவ்வொரு பள்ளமும் வண்டியில் இருப்பவரின் முதுகெலும்பில் எழுதப்படும். பின்னர் வந்தது வில் வண்டி. அச்சுக்கு மேலே எஃகுப் பட்டைகளை வளைத்துக் கட்டி, அவற்றின் மீது கூண்டை அமைத்தார்கள். வசதியுள்ள குடும்பங்கள் கோயிலுக்கும் திருமணங்களுக்கும் செல்ல அதைப் பயன்படுத்தினார்கள். வில்லைப் போல வளைந்து நிமிர்வதால் வில் வண்டி என்று பெயர் வைத்தார்களே, அதைவிடப் பொருத்தமான பெயரை எந்தப் பொறியியல் நூலும் தந்துவிட முடியாது.

இந்தப் பட்டை வில்லுக்கு மேல்நாட்டில் பெரிய வாழ்வு தந்தவர் லண்டனைச் சேர்ந்த வண்டி செய்பவரான ஒபதையா எலியட். அவர் 1804-ஆம் ஆண்டில் நீள்வட்ட வடிவான பட்டை வில்லுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதற்கு முன் பயண வண்டிகளின் அடியில் கனமான மரச் சட்டம் ஒன்று முன்னிருந்து பின்வரை ஓடும். எலியட்டின் வில் வந்தபின் அந்தச் சட்டத்தின் தேவை குறைந்தது, வண்டிகள் இலேசாயின. சாலைகளும் சீர்பட்ட காலமாதலால் பயணத்தின் வேகமும் கூடிற்று.

அந்த வில்லின் சிறப்பு என்ன? ஒரே கனமான இரும்புச் சட்டத்தை வைத்தால் அது வளையாது; வளைந்தால் ஒடியும். பல மெல்லிய பட்டைகளை அடுக்கினால் அவை ஒன்றன்மீது ஒன்று வழுக்கிக்கொண்டு வளையும். அவ்வாறு வழுக்கும்போது உண்டாகும் உராய்வு அதிர்ச்சியின் ஒரு பகுதியை வெப்பமாக மாற்றித் தீர்த்துவிடும். நடுவில் பட்டைகள் மிகுதி, நுனியில் குறைவு. வளைக்கும் விசை நடுவில்தான் மிகுதி என்பதால் இந்த ஏற்பாடு. கணிதம் படியாத கொல்லர்களும் இதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

இங்கே ஒரு செய்தியை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வில் வண்டியை இழுப்பது மாடு. நுகத்தடியிலிருந்து ஏர்க்கால் வழியாக இழுவிசை வண்டிக்கு வருகிறது. சக்கரம் தானாக எதையும் தள்ளுவதில்லை. இழுத்த இழுப்புக்கு உருளுகிறது. ஆகையால் வில்லுக்கு உரிய முதன்மையான வேலை ஒன்றுதான்: சுமையைத் தாங்கி, மேலும் கீழும் அசைந்து கொடுப்பது.

மோட்டார் வண்டி வந்தது. இந்த முறை தலைகீழாயிற்று. முன்னே இழுக்க மாடு இல்லை. எஞ்சினின் ஆற்றல் ஒரு நீண்ட தண்டின் வழியாகப் பின்அச்சுக்குச் சென்று சக்கரத்தைத் திருப்புகிறது. சக்கரம் சாலையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. சாலை வண்டியை முன்னுக்குத் தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசை அச்சிலிருந்து வண்டியின் உடலுக்குப் போய்ச் சேர்வதற்கு ஏதேனும் ஒரு வழி வேண்டுமல்லவா? அதுமட்டுமன்று. நியூட்டனின் மூன்றாம் விதியை நீங்கள் படித்திருக்கிறீர்கள். கையில் பிடித்துத் துளையிடும் மின்கருவியின் முனை சுவரில் சிக்கிக்கொண்டால், கருவி எதிர்ப்புறமாகத் திரும்பி மணிக்கட்டை முறுக்கிவிடுகிறது. அதைப் போலவே, சக்கரத்தை முன்புறமாகத் திருப்பும் அச்சுக்கூடு தான் பின்புறமாகத் திரும்ப முயல்கிறது. அந்த முறுக்கை யார் தாங்குவது? பட்டறைப் பெரியவர் கேட்டது இதைத்தான்.

தொடக்ககாலப் பொறியாளர்கள் இதற்கு இரண்டு வகையான விடைகளைக் கண்டார்கள். ஒன்று, சுழலும் தண்டைச் சுற்றி உறுதியான ஒரு குழாயை அமைத்து, அதைப் பின்அச்சுடன் இணைத்து, முறுக்கை அதன்மேல் சுமத்துவது. 1908-ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோர்டு நிறுவனத்தின் 'டி' மாதிரிக் கார் இந்த வழியைப் பின்பற்றியது. மற்றொரு வழியில் தனிக் குழாயும் இல்லை, தனிக் கம்பியும் இல்லை. முன்னும் பின்னுமாக நீண்டிருக்கும் வில்பட்டைகளே சுமையையும் தாங்க வேண்டும், தள்ளுவிசையையும் உடலுக்குக் கொடுக்க வேண்டும், முறுக்கையும் பொறுக்க வேண்டும். ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பெயரால் இந்த அமைப்பு வழங்கலாயிற்று. செலவு குறைவு, உறுப்புகள் குறைவு, பழுது பார்ப்பது எளிது. ஆகவே உலகெங்கும் லாரிகளிலும் பேருந்துகளிலும் அது பரவிற்று.

நம் மதுரைச் சீமைக்கும் மோட்டார் யுகம் அந்தக் காலத்தில்தான் வந்தது. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ஆம் ஆண்டில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்டார். மதுரை அவருடைய நிறுவனத்தின் தலைமையிடமாயிற்று. பேருந்து வந்த ஊரில் பட்டறையும் வரும். மாட்டு வண்டிக்குப் பட்டா போட்ட கைகள் மோட்டார் வண்டிக்கும் பட்டை கட்டக் கற்றுக்கொண்டன. பிற்காலத்தில் நம் சாலைகளை ஆண்ட கார்களும் இந்த வழியில் வந்தவையே. 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை வங்காளத்தின் உத்தரபாராவில் செய்யப்பட்ட அம்பாசடரின் பின்புறத்திலும், பம்பாயில் செய்யப்பட்ட பியட் காரின் பின்புறத்திலும் இருந்தவை பட்டை வில்களே. ஒரு வில்லுக்கு மூன்று வேலை. சாதாரண ஓட்டத்தில் அது மூன்றையும் முணுமுணுக்காமல் செய்து வந்தது. அதன் பொறுமையைச் சோதித்துப் பார்த்தது ஒரு புதுவகைப் பந்தயம்.

அதை டிராக் பந்தயம் என்பார்கள். வளைவுகள் இல்லை, சுற்றுகள் இல்லை. இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும். விளக்கு எரிந்ததும் புறப்பட்டு, கால் மைல் தூரத்தை, அதாவது 1,320 அடியை, நேர்கோட்டில் ஓடிக் கடக்க வேண்டும். நமக்கு இது முற்றிலும் புதிதன்று. கோவை, திருப்பூர்ப் பகுதிகளில் நடக்கும் ரேக்ளாப் பந்தயத்தில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் வகுத்து, நேர்வழியில் காளைகளை ஓட்டி, எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு வெற்றியைத் தீர்மானிக்கிறார்கள். புறப்படும் அந்த முதல் நொடிதான் இரண்டிலும் உயிர்நிலை.

அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் வேகப் போட்டி நடத்துவது இரண்டாம் உலகப் போருக்கு முன்பே வழக்கமாயிருந்தது. போர் முடிந்ததும் படையிலிருந்து திரும்பியவர்கள் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் திறமையோடு வந்தார்கள். பழைய கார்கள் மலிவாகக் கிடைத்தன. பொதுச் சாலைகளிலேயே பந்தயம் நடந்தது; விபத்துகள் மலிந்தன. அதற்கு ஒரு மாற்றாக 1950-ஆம் ஆண்டில் சாண்டா ஆனா என்ற ஊரின் விமான நிலைய ஓடுபாதையில் ஒழுங்கான பந்தயங்கள் தொடங்கின. அடுத்த ஆண்டான 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் முதல் தேசியப் போட்டி 1955-இல் கான்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் நகரில், போர்க்காலத்தில் விமானப்படை பயன்படுத்திய தளத்தில் நடைபெற்றது. சாலையில் இருந்த வெறியைத் தடத்துக்குள் கொண்டுவந்து விதிகளுக்கு உட்படுத்தியதே அந்தச் சங்கத்தின் பெரும்பணி.

இந்தப் பந்தயத்தில் வில்பட்டைக்கு நேர்ந்த சோதனை யாது? டவுன் பஸ் திடீரெனப் புறப்படும்போது நிற்கிறவர்கள் பின்னால் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். வண்டிக்கும் அதே நிலைதான். விரைந்து புறப்படும்போது முன்சக்கரங்களின் மேலுள்ள பாரத்தில் ஒரு பங்கு பின்சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்று கணக்கிடுவது எளிது. எடுத்துக்காட்டாக, 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார். அதன் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி இரண்டரை மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவு முடுக்கத்தோடு அது புறப்பட்டால், 1,200-ஐ அரையால் பெருக்கி, அதை 0.6-ஆல் பெருக்கி, 2.5-ஆல் வகுக்க வேண்டும். விடை 144 கிலோ. அத்தனை பாரம் பின்சக்கரங்களின் மேல் கூடுதலாக வந்து அமர்கிறது. பாரம் கூடினால் சாலைப் பிடிப்பும் கூடும். பின்சக்கரத்தால் ஓடும் வண்டிக்கு இது நல்ல செய்தியே.

1959-ஆம் ஆண்டில் கிரைஸ்லர் நிறுவனத்தின் பொறியாளர்கள் சிலர் ராம்சார்ஜர்ஸ் என்ற பெயரில் ஒரு குழுவாகச் சேர்ந்து, 1949-ஆம் ஆண்டின் பழைய பிளிமத் கார் ஒன்றைப் பந்தயத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பந்தயக் காரென்றால் தரையோடு தாழ்ந்திருக்க வேண்டும் என்ற பொதுக் கருத்துக்கு மாறாக அதன் உடலை உயரே தூக்கி வைத்தார்கள். கண்டவர்கள் நகைத்தார்கள். மையம் உயர்ந்தால் பின்சக்கரங்களுக்கு மாறும் பாரமும் மிகும் என்பது அவர்களுடைய கணக்கு. மேலே நான் சொன்ன வகுத்தலும் பெருக்கலும்தான் அந்தக் கணக்கின் அடிப்படை.

இனி முறுக்குக்கு வருவோம். புறப்படும் கணத்தில் அச்சுக்கூடு பின்புறமாகத் திரும்ப முயல்கிறது என்று கண்டோம். அதன் முன்மூக்கு மேலே ஏறுகிறது. அதனோடு கட்டப்பட்ட வில்பட்டையின் முன்பாதி ஒரு பக்கமும், பின்பாதி மறு பக்கமும் வளைந்து, நெளியும் பாம்பைப் போல் ஆகிறது. அந்த நெளிவில் ஆற்றல் சேர்கிறது. சக்கரத்தின் பிடி ஒரு கணம் நழுவினால் பட்டை சட்டென்று நிமிர்கிறது, அச்சு எகிறுகிறது, சக்கரம் தரையை விட்டுத் துள்ளுகிறது, மறுகணம் விழுந்து பிடிக்கிறது, மீண்டும் நெளிகிறது. நொடிக்குப் பலமுறை இது நிகழும். ஒவ்வொரு துள்ளலும் சம்மட்டி அடியைப் போல் தண்டிலும் அதன் மூட்டுகளிலும் பற்சக்கரங்களிலும் இறங்கும்.

பட்டைகளைக் கூட்டினால் நெளிவு ஓரளவு குறையும் என்பது உண்மையே. ஆனால் விறைத்துப்போன வில் சாலையின் மேடு பள்ளத்துக்கு அசைந்து கொடுக்காது. சிறு மேட்டிலும் சக்கரம் தரையை விட்டு எழும்பும். எழும்பிச் சுழன்று மீண்டும் தரையைத் தொடும்போது, இணைப்புகள் தாங்க வேண்டிய அதிர்ச்சி முன்னைவிடப் பெரிது. என் நண்பரின் காருக்கு நேர்ந்தது அதுதான்.

ஊருக்கு வெளியே போக்குவரத்துக் குறைந்த ஒரு சாலையில் விடியற்காலையில் போட்டி நடந்தது. அங்கே நடத்த யாருக்கும் அனுமதி இல்லை. கார் புறப்பட்டது, பின்புறம் தடதடவென்று குதித்தது, சுழல் தண்டின் முன்மூட்டு உடைந்தது. தண்டின் முனை சாலையில் விழுந்து ஊன்றிக்கொள்ள, ஓடிக்கொண்டிருந்த கார் கழியை ஊன்றித் தாண்டுகிறவனைப் போல் எழும்பிப் பக்கவாட்டில் சாய்ந்தது. என் நண்பரின் தொடையெலும்பு முறிந்தது. பால் பாத்திரத்தோடு வேடிக்கை பார்த்து நின்ற ஒரு சிறுவன் காருக்குப் பத்தடி தூரத்தில் இருந்தான். அவனுக்கு ஒன்றும் நேரவில்லை. அந்தப் பத்தடியை நான் இன்றுவரை மறக்கவில்லை. பட்டையைக் கூட்டச் சொன்னவன் நான்.

பிற்காலத்தில் நூல்களைத் தேடிப் படித்தபோதுதான், இந்த நோய்க்கு மருந்து பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தது என்று தெரிந்துகொண்டேன். அந்த மருந்தின் சாரம் ஒன்றே: வில்லின் தலையில் ஏற்றிய மூன்று வேலைகளைப் பிரித்துக் கொடு. சுமையை வில் தாங்கட்டும்; முறுக்கை வேறொன்று தாங்கட்டும்.

முதலில் வந்தது ஒரு தடித்த இரும்புச் சட்டம். அதை அச்சுக்கு அடியில் வில்லோடு சேர்த்து இறுக்கி முன்னோக்கி நீட்டுவார்கள். முன்நுனியில் ஒரு ரப்பர்க் கட்டை இருக்கும். அச்சு திரும்ப முயன்றவுடன் சட்டத்தின் நுனி மேலெழுந்து வில்லின் முன்கண்ணுக்கு அடியில் முட்டும். நெளிவு அங்கேயே நின்றுவிடும். அதுமட்டுமல்லாமல், முட்டுகிற விசை உடலை மேலே தூக்குவதால், அதன் எதிர்விசை சக்கரத்தைத் தரையில் அழுத்துகிறது. பகையாக இருந்த முறுக்கு இப்போது பணியாளாகிவிட்டது.

கிரைஸ்லர் நிறுவனத்தார் தம் பந்தய வில்களில் வேறோர் உத்தியைக் கையாண்டார்கள். அச்சை வில்லின் நடுவில் வைக்காமல் முன்பக்கம் தள்ளி வைத்தார்கள். முன்பாதி குட்டையாகவும் விறைப்பாகவும் இருந்து முறுக்கைத் தாங்கும். பின்பாதி நீண்டு நெகிழ்ந்து மேடு பள்ளத்துக்கு ஈடு கொடுக்கும். வலப்பக்க வில்லில் பட்டைகள் மிகுதி. ஏனென்றால் சுழல்தண்டின் திருப்பத்தால் வலப்பக்கப் பின்சக்கரம் இலேசாகி வீணே சுழலும் இயல்புடையது. அதை ஈடுசெய்யவே அந்த ஏற்பாடு. ஆகவே பட்டையைக் கூட்டுவதே தவறு என்பதில்லை. எங்கே, எதற்காக என்று அறியாமல் கூட்டுவதுதான் தவறு.

இன்னும் ஆற்றல் மிகுந்த வண்டிகளில் வில்பட்டையையே நீக்கிவிட்டுச் சுருள்வில்லைப் பொருத்தினார்கள். சுருள்வில் சுமையை மட்டுமே தாங்கும். அச்சை அதன் இடத்தில் நிறுத்தவும் முறுக்கைப் பொறுக்கவும் ஏணிபோன்ற சட்டங்களோ, நான்கு தனிக் கம்பிகளோ வேண்டும். அந்தக் கம்பிகளின் சாய்வையும் நீளத்தையும் மாற்றி, புறப்படும்போது பின்புறம் எவ்வளவு எழவேண்டும், எவ்வளவு தாழவேண்டும் என்றுகூட வகுத்துவிடுகிறார்கள்.

இதனோடு வேலை முடிவதில்லை. கம்பி தாங்கும் விசை, கம்பி பொருத்தப்பட்ட இடத்துக்குப் போகும். அம்பாசடர் போன்ற கார்களுக்கு லாரியில் உள்ளதுபோல் தனி அடிச்சட்டம் கிடையாது. தகடுகளை இணைத்துச் செய்த உடலே சட்டமும் ஆகும். அந்தத் தகட்டில் நேராகக் கம்பியைப் பூட்டினால் தகடு கிழியும். ஆகவே முன்பக்கச் சட்டத்தையும் பின்பக்கச் சட்டத்தையும் இணைத்து உறுதியான குழாய்களைப் பற்றவைக்க வேண்டும். அச்சுக்கூட்டுக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு கண்ணியை வலுப்படுத்தினால் அடுத்த கண்ணி சோதனைக்கு வரும் என்பதே இந்தத் தொழில் கற்பிக்கும் பாடம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சிறு உறுப்பைச் சொல்ல வேண்டும். சுழல்தண்டைச் சுற்றி, அதன் முன்மூட்டிலிருந்து ஆறு அங்குலத்துக்குள், உடலோடு பூட்டப்படும் ஓர் இரும்பு வளையம் அது. மூட்டு உடைந்தாலும் தண்டு தரையில் விழாமல் அது ஏந்திக்கொள்ளும். வேகமான வண்டிகளுக்கு அது கட்டாயம் என்று தேசிய ஹாட் ராட் சங்கத்தின் விதிகள் கூறுகின்றன. எங்கள் ஊர்ப் பட்டறையில் அரை நாளில் செய்து முடித்திருக்கக்கூடிய வளையம். அதைப் பற்றி முதன்முதலில் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வரலாற்றின் விந்தை ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். டிராக் பந்தயத்தில் எல்லாவற்றினும் வேகமான வண்டிகள் எவை தெரியுமா? நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும் நீண்ட ஒல்லியான வண்டிகள். அவற்றின் பின்புறத்தில் வில்லே கிடையாது. கட்டை வண்டியைப் போல் அச்சு சட்டத்தோடு நேராகப் பூட்டப்பட்டிருக்கிறது. நெகிழ்ச்சிக்கு வேண்டியதை நீண்ட குழாய்ச் சட்டத்தின் வளைவும் பருத்த மென்மையான டயர்களும் தருகின்றன. செப்பமான தடத்தில் மட்டுமே அது சாத்தியம். அத்தகைய வண்டிகளின் வேகமும் எல்லை மீறிப் போகவே, ஒரு வீரரின் மரணத்திற்குப் பின், 2008-ஆம் ஆண்டில் அவற்றுக்குரிய பந்தயத் தூரத்தை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தார்கள். வேகத்தை வளர்த்தவர்களே வேகத்துக்கு அணையும் கட்டினார்கள்.

நம் நாட்டின் கதையும் ஒரு கைவிடப்பட்ட ஓடுபாதையில்தான் தொடங்குகிறது. சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையில் உள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953-ஆம் ஆண்டில் அமைந்த மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயக் களமாக்கிற்று. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வீரர்கள் அங்கே வந்தார்கள். அன்றாடம் சாலையில் ஓடிய பியட், ஹெரால்டு போன்ற கார்களைத் தாங்களே திருத்தி ஓட்டினார்கள். வெளிநாட்டுப் பாகங்கள் எளிதில் கிடைக்காத காலம் அது. கிடைத்த இரும்பைக் கொண்டு வேண்டியதைச் செய்துகொள்ள வேண்டும். அந்தச் சூழலில் வளர்ந்தவர்தான் கோவையைச் சேர்ந்த கரிவர்தன். மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு இளைஞர்களுக்கு எட்டும் விலையில் பந்தய வண்டியை வடிவமைத்துத் தந்தார். 1995-ஆம் ஆண்டில் விமான விபத்தில் மறைந்த அவருடைய பெயரைக் கோவைக்கு அருகே செட்டிபாளையத்திலுள்ள பந்தயத் தடம் தாங்கி நிற்கிறது.

1990-ஆம் ஆண்டில் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் அந்தக் கிளப்பின் நிலையான தடம் உருவாயிற்று. அண்மைக் காலத்தில் இருசக்கர வண்டிகளுக்கான தேசிய டிராக் பந்தயங்கள் அங்கே நடந்திருக்கின்றன. தலைக்கவசம், வண்டிப் பரிசோதனை, மருத்துவ வண்டி, தடுப்புச் சுவர் இத்தனையும் அங்கே உண்டு. சாண்டா ஆனாவிலும் சோழவரத்திலும் முன்னோர் கண்ட வழி இது. சாலை எல்லாருக்கும் உரியது; பால் பாத்திரத்தோடு நிற்கும் சிறுவனுக்கும் உரியது. வேகத்தின் மீது விருப்பமுள்ளவர்கள் அதற்குரிய இடத்தைத் தேடிச் செல்வதே முறை.

என் நண்பர் பிழைத்தெழுந்தார். ஒரு காலைச் சற்றே சாய்த்து நடக்கிறார். என்மேல் அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. விபத்துக்குச் சில மாதங்களுக்குப் பின் நான் அந்தப் பட்டறைக்குப் போனேன். "ஐயா, அன்றைக்கு நீங்கள் கேட்டது எனக்குப் புரியவில்லை" என்றேன். பெரியவர் உலையிலிருந்த பட்டையை வெளியே எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "புரியலைன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நின்னு சொல்லியிருப்பேனே, தம்பி."

இளைஞர்களே, இன்று புதுக் கார்கள் பலவற்றில் பட்டை வில் இல்லை, சுருள்வில்லே இருக்கிறது. சின்னஞ்சிறு சரக்கு வண்டிகளிலும் லாரிகளிலும் பட்டை இன்னும் உழைத்துக் கொண்டிருக்கிறது. எந்த வண்டியை நீங்கள் கையில் எடுத்தாலும், எந்த உறுப்பை வலுப்படுத்த எண்ணினாலும், அது எந்த விசையைத் தாங்குகிறது, அந்த விசை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று முதலில் கேளுங்கள். பதில் நூலகத்திலும் கிடைக்கும். சாலையோரப் பட்டறையிலும் கிடைக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கல்லூரியில் படித்த பௌதிகத்தில் எனக்குக் கிடைக்காத அந்தப் பாடத்தைக் காளவாசல் உலையடியில் நான் கற்றேன். சற்றுக் காலம் தாழ்த்திக் கற்றேன். நீங்கள் உரிய காலத்தில் கற்றுக்கொள்ளுங்கள்.